சுழியனும் வரியனும்

நாங்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சுறா. முதுகுக்குப் பின்னால் சொல்வதுதான். ஒருநாள் கட்டிங் மெஷின் பக்கத்திலிருந்து யாரோ "சுறா வருதுலே" என்று கத்த, அது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு காகிதத்தை எண்ணுவது போல நடித்தோம். அவர் நேராக என் மேசைக்கு வந்து நின்றார்.

"எந்தச் சுறா?"

நான் விழித்தேன்.

"மணல்ல படுத்தே கெடக்குமே, அதுவா? இல்ல துடுப்பு நுனி கறுப்பா, பாறையச் சுத்திச் சுத்தித் திரியுமே, அதுவா? சும்மா சுறான்னா நா எதைன்னு எடுத்துக்கிறது?"

"சுத்தித் திரியுறதுதான்க்கா" என்றேன்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே திருப்தியாகப் போனார்.

திருத்தங்கலில் நான் டிசைனராக இருந்த பிரஸ்ஸின் முதலாளிக்கு அவர் கூடப்பிறந்த அக்கா. எங்களுக்கும் அக்காதான். ஐம்பதை ஒட்டிய வயது. தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவர், ஒருநாள் ஒரே ஒரு சூட்கேஸோடு தம்பி வீட்டில் வந்து இறங்கினார். ஒரே அடுப்படியில் அவரும் முதலாளியின் மனைவியும் இருந்தால் வீடு தாங்காது என்று பயந்துதான் முதலாளி அவரைப் புரூஃப் பார்க்கப் பிரஸ்ஸுக்கு அழைத்து வந்தார் என்பது எங்கள் கணிப்பு. வீடு தப்பித்தது. பிரஸ் மாட்டிக்கொண்டது.

பட்டாசு டப்பா லேபிள், காலண்டர், பள்ளிக்கூடத்தில் மாட்டும் படச் சார்ட் என்று எங்களிடம் எல்லா வேலையும் வரும். எழுத்துப் பிழையை அக்கா பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார். ஒருமுறை 'நல்வாழ்த்துக்கல்' என்று ஒரு லோடு காலண்டரே போயிருக்கிறது. ஆனால் எந்த மூலையிலாவது ஒரு மீன் இருந்தால் போதும், மெஷின் நின்றுவிடும். அது என்ன மீன், அது எங்கே இருக்கும். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல் அவரிடம் கையெழுத்து வாங்க முடியாது.

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனிக்காரர் ஒருவர் புது ரகப் புஸ்வாணம் போட்டார். ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பொங்கும். டப்பா மேல் மீன் படம் கேட்டார். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைப் பிடித்து, பின்னால் அழகாக ஒரு தாமரைக் குளம் வைத்துக் கொடுத்தேன். கம்பெனிக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அக்கா பார்த்தார்.

"இதுக்கு வீடு எங்க?"

"குளந்தான்க்கா."

"இது கடல் மீன்லே. அதுலயும் கடல்தாமரைன்னு ஒண்ணு பாறையில ஒட்டிக்கிட்டு விரல் விரலா ஆட்டும், அதுக்குள்ளதான் இருக்கும். மத்த மீனு தொட்டா சுருக்குன்னு கொட்டிரும், இதை மட்டும் ஒண்ணும் செய்யாது. அதை விட்டு வெளிய வந்துச்சுன்னா அம்புட்டுத்தான், அடுத்த நிமிசம் எவனாவது முழுங்கிருவான். நீ என்னடான்னா அநாதையாக் கொண்டாந்து குளத்துல விட்டுருக்க."

கம்பெனிக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். "யக்கா, கொளுத்திப் போடுற டப்பா. மீனு எங்கன இருந்தா என்ன?"

"கொளுத்துறதுக்கு முன்னாடி பிள்ளைக பாக்குமுல்ல?"

குளத்தை அழித்துவிட்டுக் கடல்தாமரை வரைந்தேன். எனக்கு வந்த அளவுக்குத்தான் வரைந்தேன். சீசன் முடிந்ததும் வடக்கேயிருந்து ஒரு டீலர் போன் போட்டு, உங்கள் மீன் ஏன் ஒரு பொம்பளையின் தலைமுடிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டாராம்.

பவளப்பாறையை அக்கா ஏதோ சிவகாசித் தெருவை விவரிப்பதுபோலச் சொல்வார். மேலே அலை நுரையடிக்கிற விளிம்பில் ஒரு கூட்டம் இருக்கும். சரிவில் ஒரு கூட்டம். பகலெல்லாம் பொந்துக்குள் பெரிய கண்ணை வைத்துக்கொண்டு கிடந்துவிட்டு இருட்டினால் மட்டும் வெளியே வருகிற சிவப்பு மீன் கூட்டம் ஒன்று. பாறைக்கு இந்தப் பக்கம் புல் முளைத்த ஆழமில்லாத தண்ணீரில் ஓரா என்கிற மீன் மேயும். அடியில் மணலில் வளை தோண்டி இறால் ஒன்று குடியிருக்கும், அந்த இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் வாசலில் ஒரு சின்ன மீன் காவலுக்கு உட்கார்ந்திருக்கும். "வாடகை குடுக்காம இருக்கான்ல, வாச்மேன் வேலை பாக்கான்" என்பார். கிளிமீன் பவளத்தைக் கடித்துத் தின்று பின்னால் மணலாக விடும் என்று சொல்லிவிட்டு, தீவுக்குச் சுற்றுலா போய் வெள்ளை மணலில் படுத்து போட்டோ எடுத்து வந்த முதலாளியின் மகளிடம், "நீ படுத்துருக்கது பூரா கிளிமீன் பீ" என்றார். அந்தப் பெண் அன்றைக்கே போட்டோவை அழித்துவிட்டாள்.

மீனை அடையாளம் பார்க்க அவரிடம் ஒரே சட்டம்தான். நிறத்தை நம்பாதே. நிறம் மாறும், வெளுக்கும், பயந்தால் கறுக்கும். வாய் எங்கே இருக்கிறது பார், வால் எப்படி முடிகிறது பார். ஒருமுறை நான் கறுப்பு வெள்ளை மஞ்சளில், முதுகிலிருந்து நீளமாக ஒரு வெள்ளை இழை பறக்கிற மீனைக் காலண்டரில் போட்டு, இணையத்தில் கண்ட பெயரைக் கீழே எழுதியிருந்தேன். வாய் குட்டையாக இருக்கிறது, நீ எழுதியிருக்கிற பெயருக்கு உரியவனுக்கு வாய் குழாய்போல நீண்டிருக்கும் என்று சொல்லிப் பெயரை அடித்தார். ஒரு வாரம் கழித்து நான் ரகசியமாகத் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அதுதான் எரிச்சல். தப்பாகச் சொல்கிற ஆளாக இருந்தால் சகித்துக்கொண்டு போயிருக்கலாம்.

இதெல்லாம் அவருக்குப் புகுந்த வீட்டில் கிடைத்தது. வீட்டுக்காரர் வண்ண மீன் ஏற்றுமதி செய்கிறவர். பாறைப் பக்கம் முங்கிப் பிடித்து வரும் மீனை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் தொட்டி தொட்டியாக விட்டு, ஒரு வாரத்துக்குள் பையில் ஆக்சிஜன் அடித்து அனுப்பிவிடுவார். தரம் பிரிப்பது அக்காவின் வேலை. பல வருடம் பிரித்திருக்கிறார். பிறகு மனிதரையே பிரித்துவிட்டு வந்துவிட்டார்.

ஏன் என்று கேட்டால் அக்கா ஒரே கதையைத்தான் சொல்வார். கொட்டகையில் சுழியன் என்று ஒரு மீன் உண்டு. கருநீல உடம்பில் வெள்ளை வட்டம், அதற்குள் வட்டம், அதற்குள் வட்டம். விரல் நீளம்தான் இருக்கும். வரியன் என்று இன்னொன்று. கையகலம் இருக்கும், உடம்பு முழுக்க மஞ்சள் கோடு, கண்ணை மறைத்துத் திருடனைப்போல ஒரு கறுப்புக் கட்டு. ஒருநாள் ஒரு வெளிநாட்டு ஆர்டருக்கு வரியன் பற்றவில்லை. வீட்டுக்காரர் போனில், "சுழியன் அனுப்புறேன், வளந்தா அதுவே வரியனாயிரும்" என்று கூசாமல் சொல்லியிருக்கிறார்.

"வட்டம் எப்பிடிலே கோடாகும்?" என்று அக்கா எங்களிடம் கேட்பார். "பொய் சொல்லலாம். அதுக்கு ஒரு அளவு வேணாமா? முங்குறவுக, பேக்கிங் பண்றவுக, அத்தனை பேரு முன்னாடியும் கேட்டேன், நீங்க வாயத் தொறந்தா உண்மையே வராதான்னு. மறுநாள் கெளம்பிட்டேன்."

மீனுக்காகவா ஒருத்தி புருஷனை விட்டு வருவாள்? வேறு காரணமும் இருந்தது. கடலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் மதுரைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். மதுரையில் யார் என்பதை அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பேச்சு வந்தால் சுழியனுக்குத் தாவிவிடுவார்.

அப்படி இருக்கையில்தான் ஒரு கோடையில், பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு, பவளப்பாறை மீன்கள் என்று ஒரு சார்ட் ஆர்டர் வந்தது. ஆர்டர் கொடுத்தவர்களே படமும் பெயரும் தந்திருந்தார்கள். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசி வரிசையில் நின்றார். சுழியனும் வரியனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் கீழ் 'இளம் மீன்', மற்றதன் கீழ் 'வளர்ந்த மீன்'. இரண்டுக்கும் ஒரே பெயர்.

"தப்பு" என்றார்.

நான் செல்போனில் தேடிக் காட்டினேன். பத்துப் படம் வந்தது. பாதி வட்டமும் பாதிக் கோடுமாக இடைப்பட்ட மீன்கூட இருந்தது.

"போட்டோவ நம்பச் சொல்லுதியா? நீயே தெனம் பொய்ப்படம் செய்யுறவன். நம்ம ராக்கெட் டப்பாவுல அது நிலாவ ஒட்டிப் போகுது. நெசத்துல பக்கத்து மாடிய ஒட்டிப் போகுமா?"

"அக்கா, நீங்கதானக்கா நிறத்த நம்பாதன்னு சொல்லுவீக."

"நிறம் வேற. இது கோலம்லே. கோலம் மாறுமா?"

முதலாளி வந்தார். மெஷின் நிற்கிறது, ஆர்டர்காரர் போன் மேல் போன் போடுகிறார். மனிதர் வெடித்துவிட்டார். "யக்கா, மச்சானே சொல்லிருக்காரு, படம் சொல்லுது, ஆர்டர்காரன் சொல்லுதான். நீ ஒருத்திதான் இல்லங்குத."

"அந்த ஆளு சொன்னதுனாலதான் இல்லங்கேன்."

அக்காவே கொஞ்சம் திகைத்துப்போனார். பிறகு முதலாளி நிதானமாக ஒன்று சொன்னார். "சரி. ஒரு சுழியன வாங்கி வளப்போம். செலவு என்னோடது. அது வரியனாயிருச்சுன்னா, நீ மச்சானுக்குப் போன் போட்டு, நீங்க சொன்னது சரின்னு சொல்லணும். இங்கன வச்சு, எங்க முன்னாடி."

"ஆகலைன்னா?"

"ஆகலைன்னா, இந்தப் பிரஸ்ல மீனு விசயத்துல நீ சொல்றதுதான் சட்டம்."

"இப்பவும் அப்பிடித்தான இருக்கு?" என்று மெஷின்மேன் என் காதில் கேட்டார்.

அக்கா ஒத்துக்கொண்டார். சார்ட்டில் அந்த இரண்டு கட்டத்திலும் நட்சத்திர மீனைப் போட்டு மெஷினை ஓட்டினோம். நட்சத்திர மீன் மீனே இல்லை என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

சென்னையில் ஒரு கடையிலிருந்து சுழியன் வந்தது. ஏசி அறையில் தொட்டி வைத்தோம். தண்ணீருக்குத்தான் பெரும்பாடு. கடையில் விற்கும் உப்புப் பொடியைக் கலக்கலாம் என்று கடைக்காரர் சொன்னதை அக்கா அவமானமாக எடுத்துக்கொண்டார். தூத்துக்குடித் துறைமுகத்தில் காகிதம் ஏற்றப் போகிற எங்கள் லாரி, திரும்பும்போது கேனில் கடல் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவானது.

முதல் நடையிலேயே சாத்தூர்ப் பக்கம் போலீஸ் மறித்தது. சிவகாசிக்குப் போகிற லாரி, பேர் ஒட்டாத கேன்கள். சந்தேகப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"கேன்ல என்னய்யா கெமிக்கல்?"

"கடல் தண்ணிங்க ஐயா."

"எதுக்கு?"

"மீனுக்குங்க."

"சிவகாசியில ஏதுய்யா மீனு?"

"பிரஸ்ல இருக்குங்க ஐயா. மொதலாளியோட அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டைங்க. மீனு மாறுதான்னு பாக்கோம்."

போலீஸ்காரர் ஒரு கேனைத் திறந்து, "குடி" என்றாராம். டிரைவர் குடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து உண்மைதான் என்று விட்டுவிட்டார்கள். அதன் பிறகு அக்கா ஒவ்வொரு கேன் மேலும் 'கடல்' என்று எங்களை வைத்தே லேபிள் அடித்து ஒட்டினார்.

தீபாவளி சீசன் வந்து போனது. காலண்டர் சீசனும் போனது. சுழியன் விரல் நீளத்திலிருந்து உள்ளங்கை அளவுக்கு வந்தது. வட்டம் வட்டமாகவே இருந்தது. அக்கா காலையில் வந்ததும் தொட்டி முன்னால் குனிந்து பார்ப்பார், நிமிர்வார், தம்பி அறையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். முதலாளி போனை எடுத்துப் பேசுவது போல நடிப்பார்.

மின்சாரம் நின்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மெஷின் இல்லை, மீன் என்றாகிவிட்டது. பைண்டிங் பிரிவுப் பெண்கள் சாப்பாட்டு வேளையில் ஏசி காற்றுக்கும் மீனுக்குமாக வந்து உட்கார்ந்தார்கள். நாளடைவில் யார் பக்கம் என்று பிரஸ் இரண்டாகப் பிரிந்தது. ஆரம்பத்தில் ஒருத்தர் விடாமல் அக்கா தோற்க வேண்டும் என்றுதான் இருந்தோம். போகப் போக எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. தோற்றால் அவர் யாருக்குப் போன் போட வேண்டும் என்பது கண்ணில் ஆடியது.

மறு கோடையில் ஒருநாள் நான் லேபிளுக்குக் கலர் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா, "ஏலே, இங்கன வா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. தொட்டிக்குள் மீன் பக்கவாட்டில் நின்றது. வால் பக்கம் வட்டத்தின் ஒரு ஓரம் அறுந்து நீண்டிருந்தது. அதற்குக் கீழே மெல்லிசாக மஞ்சள்.

"லைட்டு வெளிச்சம்க்கா" என்றேன்.

"பொய் சொல்லாத" என்றார்.

அன்றைக்கு அவர் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சில வாரத்தில் சொல்லத் தேவையே இல்லாமல் போனது. வட்டம் ஒவ்வொன்றாக உடைந்தது. வால் மஞ்சளானது. பாதிச் சுழியன், பாதி வரியன் என்று, ப்ளேட் நகர்ந்து இரண்டு படம் ஒன்றின்மேல் ஒன்று அச்சான தாள் மாதிரி அது சுற்றி வந்தது. மெஷின்மேன் என்னைத் தனியே அழைத்து, சென்னைக்குப் போய் வேறொரு குட்டிச் சுழியனை வாங்கி மாற்றி வைத்துவிடலாமா என்று கேட்டார். அவர்தான் அக்காவுக்குச் சுறா என்று பெயர் வைத்தவர்.

மாற்ற விட்டுவிடுவாரா அக்கா? அவரேதான் தம்பியைக் கூப்பிட்டார்.

"ஆயிருச்சு தம்பி. வந்து பாரு."

முதலாளி வந்து பார்த்தார். ஜெயித்தவர் முகமாக இல்லை. "இருக்கட்டும்க்கா. சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுதான" என்றார்.

"நா வெளையாடல."

தொட்டியைப் பார்த்தபடியே எங்களிடம் சொல்வது போல, தனக்கே சொல்வது போலச் சொன்னார். "அந்த ஆளு சொன்ன அம்புட்டுப் பொய்யில இது ஒண்ணுதான் எனக்கு நல்லாத் தெரிஞ்ச பொய்யி. மத்தது எதையும் என்னால காமிக்க முடியாது. இதைத்தான் அத்தனை பேரு முன்னாடி காமிச்சேன். இது போயி உண்மையாப் போச்சே."

அவரே செல்போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, தொட்டிப் பலகையின் மேல் வைத்தார். நம்பர் அவருக்கு மனப்பாடமாகவே இருந்தது.

"ஏங்க. நாந்தான்."

தொட்டியில் காற்று குமிழியிடும் சத்தம் மட்டும் கேட்டது. இங்கேயா அங்கேயா என்று தெரியவில்லை.

"சொல்லு" என்றது ஒரு கனத்த குரல்.

"இங்க ஒரு சுழியன் வளத்தேன். வரி வந்துருச்சு. நீங்க சொன்னது சரி. அது மட்டுந்தான் சரி. மத்ததுக்கு நா சொன்னது சொன்னதுதான். அம்புட்டுத்தான். வச்சுருதேன்."

"கண்ணுல கறுப்புக் கட்டு விழுந்துருச்சா?"

வைக்கப் போன கை நின்றது. "இப்பத்தான் விழுகுது."

"என்ன தீனி போடுத?"

"எறால நறுக்கிப் போடுதேன்."

"எறா மட்டும் போட்டா நெறம் வெளுத்துரும்மா. அது பாறையில கடற்பஞ்சக் கொறிச்சுக்கிட்டு இருக்குற மீனு."

"தெரியும், தெரியும். திருத்தங்கல்ல கடற்பஞ்சுக்கு நா எங்க போவேன்?"

"தொட்டி எம்புட்டு நீளம்?"

அக்கா கையை விரித்துக் காட்டினார். போனில் தெரியாது என்பதே மறந்துவிட்டது. பிறகு வாயால் சொன்னார். அந்த மனிதர் அடித்த 'ப்ச்' எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அந்தத் தொட்டியில் இனி அதனால் திரும்பக்கூட முடியாது, முழங்கை நீளம் வளரும் மீன் என்றார். எனக்குத் தெரியாதாக்கும் என்றார் அக்கா. தெரிந்தால் ஏன் வைத்திருக்கிறாய் என்றார் அவர். சண்டை தொடங்கிவிட்டது. அதுவும் மீனைப் பற்றி மட்டும். நாங்கள் கொஞ்ச நேரம் ஆவலாகக் காத்திருந்துவிட்டு, மதுரைப் பேச்சு வரப்போவதில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக மெஷினுக்குத் திரும்பினோம்.

மீன் தூத்துக்குடிக்குப் போனது. அக்காவே காரில் மடியில் வைத்துக் கொண்டுபோய், அவருடைய பெரிய தொட்டியில் விட்டுவிட்டு அன்றைக்கே திரும்பினார். எப்படி இருக்கிறார் என்று முதலாளி கேட்டதற்கு, "மொதல்ல பாறை இடுக்குல ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, பெறகு வெளிய வந்துச்சு" என்றார். முதலாளி கேட்டது மச்சானை.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை மீனைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார். இரவுக்குள் வந்துவிடுவார். வரும்போதெல்லாம் கோபமாகத்தான் வருவார். தண்ணீர் மாற்றவில்லை, பாசி போடவில்லை, பக்கத்தில் ஒரு முரட்டுக் கிளாத்தி மீனை விட்டு வைத்திருக்கிறார் என்று ஒரு வாரம் புலம்புவார். ஒருநாள் தலையில் மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு போனார். "மீனுக்கு எதுக்குப் பூ?" என்று மெஷின்மேன் பிரஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

நான் அந்த வேலையை விட்டு வெளியூர் கிளம்பிய வாரம், சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தூத்துக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் கீழே நின்று சொல்லிக்கொண்டேன். என் கடைசி லேபிளில் இருந்த மீனுக்கு வயிற்றுத் துடுப்பு இல்லை என்று வாழ்த்தினார். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பியதும், குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த ஆளு இப்பல்லாம் மதுரைக்குப் போறதில்லையாம்" என்றார்.

"யாருக்கா சொன்னா?"

"அவருதான்."

"நம்புறீகளா?"

பஸ் நகர ஆரம்பித்தது. அக்கா நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார்.

"ஒரு வருசம் வச்சுப் பாக்கணும்" என்றார்.